வழக்கம்போல் நிறுவிக்கொள்ளவும்

ஆகஸ்ட் 4, திங்கள்

இந்தக் கோப்புக்கு 'இயற்பியல் பாடம் 3' என்று பெயர் வைத்திருக்கிறேன். எங்கள் வீட்டில் இயற்பியலை யாரும் திறந்து பார்க்க மாட்டார்கள். நோட்டில் எழுதினால் அம்மா கையில் அகப்பட்டுவிடும். தவிர, ராத்திரி பூஜ்ஜியம் வாட் பல்பில் நோட்டின் நீலக் கோடுகள் கலைந்து போகின்றன. மடிக்கணினித் திரை என்றால் வெளிச்சம். பட்டறை முதலாளியின் மகன் புதிது வாங்கியதும் அப்பாவிடம் கொடுத்தனுப்பிய பழைய மடிக்கணினி இது. போர்வைக்குள் வைத்துத் தட்டினால் வெளியே தெரியாது.

டியூஷன் மாடிப்படி பதினான்கு. இறங்கியதும் வலது பக்கம் சாக்கடை, அதன்மேல் ஒரு பலகைக் கல். எல்லாம் எனக்கு மனப்பாடம். ஆனால் இன்று ஆறு மணிக்கு விடாமல் ஏழு மணிக்கு விட்டார்கள். கல் இருக்கிற இடத்தில் கல் இல்லை. முழங்கால் கிழிந்துவிட்டது.

என் வகுப்பு நஸ்ரின்தான் கையைப் பிடித்துத் தூக்கினாள். "ஏ சிந்து, அத்தாம் பெரிய கல்லு தெரியலியா உனக்கு? எருமைகூட பாத்து நடக்கும்டி."

"செருப்பு வழுக்கிருச்சு."

இந்த மாதிரி அந்தச் செருப்பின்மேல் பழி போடுவது இது மூன்றாவது தடவை.

ஆகஸ்ட் 6, புதன்

பழனி மாமா அம்மாவின் தம்பி. அப்பா வேலை செய்யும் லாரி பாடி கட்டும் பட்டறையில் லாரி நெற்றியில் பெயர் எழுதிக்கொண்டிருந்தவர். நான் பிறக்கும் முன்பே அவருக்குப் பார்வை போய்விட்டது. வெல்டிங் வெளிச்சத்தைக் கண்ணாடி போடாமல் பார்த்ததால் போயிற்று. எங்கள் வீட்டில் யாரைக் கேட்டாலும் இதே வாக்கியத்தைத்தான் சொல்வார்கள்.

அன்றைக்கு அவரைப் பின்னறையில் உட்கார வைத்தார்கள். பதினாறு வருடமாக உட்கார்ந்திருக்கிறார். ஒரு பாய், ஒரு ரேடியோ, ஒரு பட்டன் போன். சாப்பாட்டுத் தட்டு அங்கே போகும், காலியாகித் திரும்பி வரும். முடிவெட்டத் தவிர வெளியே போனதில்லை. கொடுமை எல்லாம் யாரும் செய்வதில்லை. உட்கார வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

நான் வெல்டிங்கைப் பார்த்ததே கிடையாது. பட்டறைக்குச் சோறு கொண்டுபோனாலும் அப்பா வாசலிலேயே வாங்கிக்கொள்வார். இதை எதற்கு இங்கே எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

ஆகஸ்ட் 9, சனி

திரையில் இருப்பதை வாசித்துக் காட்டும் மென்பொருள் ஒன்று தமிழில் இருக்கிறது. பெயர் 'செவிவழி'. இலவசம். மாமாவுக்காகத் தேடினேன்.

அதை நிறுவும் வழிமுறைப் பக்கத்தில் இருப்பதே இரண்டு வரிகள்தான். "கோப்பைப் பதிவிறக்கி வழக்கம்போல் நிறுவிக்கொள்ளவும். தமிழ்க் குரலைத் தனியாகச் சேர்த்துக்கொள்ளவும்."

வழக்கம்போல் என்றால் யாருடைய வழக்கம்போல்? என் வாழ்நாளில் நான் எதையும் நிறுவியதில்லை. இரண்டு மணி நேரம் போராடினேன். ஆங்கிலத்தைக் கடகடவென்று வாசிக்கிறது. தமிழ் வந்தால் வாயை மூடிக்கொள்கிறது.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

பேசிவிட்டது. குரல் கோப்பை 'குரல்கள்' என்ற கோப்புறைக்குள் போட வேண்டுமாம். வெளியே போட்டால் ஊமையாக இருக்கும். மூன்று நாள் போன பிறகு தற்செயலாகக் கண்டுபிடித்தேன்.

கோபத்தில் அவர்களுடைய பக்கத்தில் எழுதிவிட்டேன். உங்கள் வழிமுறையைப் படித்து யாராலும் நிறுவ முடியாது என்று. ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது. "இது திறமூல மென்பொருள். எல்லாரும் வேலை நேரம் போகச் செய்கிறோம். அந்தப் பக்கத்தை யார் வேண்டுமானாலும் திருத்தலாம். நீங்களே திருத்துங்களேன்."

கேலி செய்கிறார்கள் என்று நினைத்தேன். இல்லை. நிஜமாகவே திருத்து என்ற பொத்தான் இருக்கிறது. அழுத்தினால் முழுப் பக்கமும் என் கையில். ஒரே ஒரு நிபந்தனை, கீழே 'திருத்தத்துக்கான காரணம்' என்ற கட்டத்தை நிரப்பினால்தான் சேமிக்கும். காரணம் இல்லாமல் ஒரு கால்புள்ளியைக்கூட மாற்ற முடியாது.

'என் மாமாவுக்காக' என்று எழுதினேன்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

பள்ளியில் கொடியேற்றம், ஆளுக்கொரு ஆரஞ்சு மிட்டாய். வீட்டுக்கு வந்து சாயங்காலத்துக்குள் வழிமுறையை முடித்துவிட்டேன். ஒன்பது படிகள். ஒவ்வொன்றுக்கும் படம், படத்தில் சிவப்பு அம்புக்குறி. ஒன்பதாவது படி நானே யோசித்தது. "குரல் வேலை செய்கிறதா என்று சோதிக்க, டெஸ்க்டாப்பில் உள்ள ஏதேனும் ஒரு தமிழ்க் கோப்பைத் திறக்கவும். அது தானாக வாசிக்கத் தொடங்கும்."

அழகாக வந்திருக்கிறது.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

வாசுகி என்பவர் கருத்து எழுதியிருக்கிறார். திருச்சியில் ஒரு வங்கியில் வேலை. பிறவியிலேயே பார்வை இல்லை. செவிவழியில் எது புதிதாக வந்தாலும் சோதித்துப் பார்ப்பவர் அவர்தானாம். அப்படியே இங்கே போடுகிறேன்.

"தங்கச்சி, படி நாலுல பச்சைப் பொத்தான்ங்கிறே. அஞ்சுல வலது மூலையில பாருங்கிறே. ஆறுல படத்தில் உள்ளவாறுங்கிறே. இதெல்லாம் தெரிஞ்சா எனக்கு எதுக்கும்மா செவிவழி? இந்த மென்பொருள் யாருக்குன்னு ஒரு நிமிஷம் நெனச்சுப் பாத்தியா?"

காது சூடாகிவிட்டது. அம்மா என்னவென்று கேட்டாள். வெயில் என்றேன்.

ஆகஸ்ட் 20, புதன்

வாசுகி அக்கா சொன்னபடி திரையின் வெளிச்சத்தைச் சுத்தமாகக் குறைத்துவிட்டு, வெறும் விசைகளை மட்டும் வைத்து நிறுவிப் பார்த்தேன். இரண்டாவது படியிலேயே தொலைந்து போனேன். எங்கே இருக்கிறேன் என்றே தெரியவில்லை. அழைத்தால் யாரும் வராத ஓர் இடத்தில் நிற்பதுபோல இருந்தது.

பிறகு ஒரு வழி கண்டுபிடித்தேன். முக்கியமான ஐந்து விசைகளில் அம்மாவின் ஸ்டிக்கர் பொட்டை ஒட்டினேன். விரல் பட்டதும் தெரிகிறது. "டேப் விசையை மூன்று முறை அழுத்தவும், பிறகு என்டர்" என்று மாற்றி எழுதினேன். பச்சை இல்லை, மூலை இல்லை, படம் இல்லை. காரணம்: என் மாமாவுக்காக.

"பொட்டு அட்டையில பாதிய காணோம். வீட்ல பேயா இருக்குது?" என்று அம்மா தேடிக்கொண்டிருந்தாள்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

கோ-கோ விளையாட்டில் பக்கவாட்டில் ஓடி வந்த பெண்மேல் மோதி அவள் பல் உதட்டில் குத்திவிட்டது. நான் வேண்டுமென்றே செய்தேனாம். பக்கத்தில் நின்று கையசைத்தாலும் திரும்பிப் பார்க்க மாட்டேனாம், பதினொன்றாம் வகுப்பு முழுவதும் என்னைத் திமிர்பிடித்தவள் என்கிறதாம். நஸ்ரின் சொன்னாள்.

திமிர் என்றே இருக்கட்டும்.

ஆகஸ்ட் 27, புதன்

முழுதாக நிறுவி, ஒன்பதாவது படி வரை திரையைப் பார்க்காமல் செய்துவிட்டேன். டெஸ்க்டாப்பில் இருக்கும் தமிழ்க் கோப்பு இது ஒன்றுதான். ஒலியை மிகவும் குறைத்து, காதை மடிக்கணினியில் ஒட்டிக்கொண்டு கேட்டேன். நான் எழுதியதை வேறு யாரோ ஒரு பெண், ரயில் அறிவிப்பு மாதிரி சொல்கிறாள். "இந்த மாதிரி அந்தச் செருப்பின்மேல் பழி போடுவது இது மூன்றாவது தடவை முற்றுப்புள்ளி." நிறுத்தற்குறிகளையும் சேர்த்து வாசிக்கிறது. அதை நிறுத்த ஓர் அமைப்பு இருக்கிறது. அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

வாசுகி அக்காவுக்கு இப்போது திருப்தி. ஒன்றே ஒன்று மட்டும் கேட்டிருக்கிறார். "முதல் படியா ஹெட்போன் மாட்டச் சொல்லணும். ஏன் சொல்லலை?"

ஹெட்போன் நிறுவுதலில் சேராது, அது அவரவர் விருப்பம் என்று பதில் போட்டேன்.

"அப்படி நெனக்கிறது கண்ணு தெரியறவங்க மட்டுந்தான்" என்று எழுதியிருக்கிறார். சண்டை போட எனக்குத் தெம்பில்லை. ஆமாம், நான் கண் தெரிகிறவள்தான்.

செப்டம்பர் 2, செவ்வாய்

அம்மாவின் போனில் இணையத்தை இணைத்து, கண் நோய்களைப் பற்றிப் படித்தேன். முதலில் இருட்டில் தெரியாது. பிறகு ஓரங்கள் போகும். குழாய் வழியாகப் பார்ப்பதுபோல நடுவில் மட்டும் மிஞ்சும். பிறகு அதுவும். வெல்டிங்கைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. குடும்பத்தில் வரும் என்று போட்டிருக்கிறது.

நேராகப் பார்த்துக்கொண்டு இரண்டு கைகளையும் பக்கவாட்டில் நீட்டி விரல்களை ஆட்டினேன். நஸ்ரினையும் விளையாட்டுபோல ஆட்டச் சொன்னேன். அவளுக்குக் காதுக்கு நேரே வரும்போதே விரல் தெரிந்துவிட்டது. எனக்குக் கிட்டத்தட்ட முகத்துக்கு முன்னால் வரவேண்டியிருந்தது.

மாமாவைப்போல என்னையும் அந்த அறையில் உட்கார வைத்துவிடுவார்களா?

செப்டம்பர் 5, வெள்ளி

மடிக்கணினியை மாமாவிடம் கொண்டுபோனேன். உங்களுக்காக ஒரு பெட்டி பேசும் மாமா என்றேன்.

"எனக்கெதுக்கு அந்தப் பேய்க்குரலு? ஏற்கெனவே உங்கம்மா ஒருத்தி பேசறது போதாதா?" என்றார். ஆனாலும் கையை நீட்டி விசைகளைத் தடவினார். அப்புறம் விரல் நின்றது.

"என்ன இது, மொளச்சிருக்குது?"

"பொட்டு மாமா. அடையாளத்துக்கு. உங்களுக்காக ஒட்டினேன்."

"தேஞ்சு கெடக்குது. பத்து நாளா அழுத்தின மாதிரி." மறுபடியும் அதே விசையைத் தடவினார். "எனக்கு ஒட்டறவ எங்கிட்ட கேட்டில்ல ஒட்டியிருப்பா?"

நான் பெட்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். பின்னாலிருந்து சொன்னார், "சாயங்காலமானா செவுத்த ஒரசிக்கிட்டே நடக்கறே புள்ள. எனக்குக் காது கேக்கும்."

செப்டம்பர் 11, வியாழன்

காலாண்டுத் தேர்வு. மழை, மின்தடை. ஜன்னலோரப் பெண்கள் எழுதிக்கொண்டிருந்தார்கள். நான் நடு வரிசை. வேதியியல் வினாத்தாளின் இரண்டாம் பக்கம் எனக்குச் சாம்பல் நிறத் துணி மாதிரி இருந்தது. ஏழு கேள்விகளை விட்டுவிட்டேன். பதில் எல்லாம் தெரியும். கேள்விதான் தெரியவில்லை.

டீச்சர் அப்பாவைக் கூட்டி வரச் சொல்லியிருக்கிறார். அடுத்த வாரம் என்றேன். அடுத்த வாரத்துக்குள் என்ன மாறிவிடப் போகிறது? தெரிந்தால் அப்பா திட்ட மாட்டார். அதுதான் பயம். "பாவம், வீட்லயே இருக்கட்டும்" என்பார். மாமாவுக்கும் அப்படிச் சொன்னவர் அவர்தான்.

செப்டம்பர் 14, ஞாயிறு

வாசுகி அக்காவின் கடைசி நிபந்தனை. செவிவழி இல்லாதவர் வழிமுறையை எப்படி வாசிப்பார்? அதனால் ஒலியாகவும் வேண்டும். ஒன்பது படிகளையும் என் குரலில் பதிவுசெய்து பக்கத்தில் ஏற்றினேன். காரணம்: என் மாமாவுக்காக. மாமாவின் பட்டன் போனிலும் அவருக்குத் தெரியாமல் போட்டுவைத்தேன். முதலிலிருந்து செய்து பார்க்க வசதியாக மடிக்கணினியிலிருந்து செவிவழியை நீக்கிவிட்டு, பதிவிறக்கிய கோப்புகளை மட்டும் விட்டுவைத்தேன்.

மத்தியானம் பின்னறையிலிருந்து சத்தம். "ஏக்கா! பாட்டு கேக்கலாம்னு அமுக்கினா ஒரு புள்ள 'டேப் விசையை மூன்று முறை'ன்னு பாடுது! எந்தப் படத்துப் பாட்டு இது?"

அம்மா சிரித்தாள். ரொம்ப நாளைக்குப் பிறகு சிரித்தாள்.

செப்டம்பர் 17, புதன்

வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

இன்று கடைசித் தேர்வு. நான்கரைக்கு நஸ்ரினோடு தெருமுனைக்கு வந்தேன். எங்கள் வீட்டு ஜன்னலிலிருந்து ரயில் அறிவிப்பு மாதிரி ஒரு குரல் தெருவரைக்கும் கேட்டது. முதலில் டிவி என்று நினைத்தேன்.

"மாமாவைப்போல என்னையும் அந்த அறையில் உட்கார வைத்துவிடுவார்களா கேள்விக்குறி."

நஸ்ரின் என் கையை விட்டுவிட்டாள். பிறகு இன்னும் இறுக்கமாகப் பிடித்துக்கொண்டாள். "சிந்து, அன்னிக்கி வெரல ஆட்டச் சொன்னியே, அதுக்குத்தானா?" என்றாள். நான் வீட்டுக்குள் போனேன்.

மாமா பின்னறைப் பாயில் மடிக்கணினியை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் பட்டன் போன். மத்தியானம் வீட்டில் யாரும் இல்லாத நேரத்தில், என் குரலைக் கேட்டுக் கேட்டு, பொட்டைத் தடவித் தடவி, தனியாக நிறுவியிருக்கிறார். மூன்று தடவை தொலைந்து, நான்காவது தடவை பேச வைத்திருக்கிறார். ஒன்பதாவது படியில் நான் என்ன சொல்லியிருந்தேனோ அதைத்தான் செய்தார். டெஸ்க்டாப்பில் இருந்த ஒரே தமிழ்க் கோப்பைத் திறந்தார். இயற்பியல் என்றுதான் திறந்திருக்கிறார். ஒலியைக் குறைப்பது எப்படி என்று நான் எந்தப் படியிலும் சொல்லவில்லை. வாசிப்பதை நிறுத்துவது எப்படி என்றும் சொல்லவில்லை.

அம்மா சமையலறை வாசலில் நின்றிருந்தாள். கையிலிருந்து அரிசி களைந்த தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. சைக்கிளை நிறுத்திவிட்டு அப்பா உள்ளே வந்தபோது பெட்டி செப்டம்பர் பதினொன்றாம் தேதியை வாசித்துக்கொண்டிருந்தது. "பாவம் கால்புள்ளி வீட்லயே இருக்கட்டும் என்பார் முற்றுப்புள்ளி மாமாவுக்கும் அப்படிச் சொன்னவர் அவர்தான் முற்றுப்புள்ளி."

நான்தான் ஓடிப்போய் மூடினேன்.

யாரும் சாப்பிடவில்லை.

செப்டம்பர் 18, வியாழன்

காலையில் அம்மா என்னைப் பள்ளிக்கு எழுப்பவில்லை. சீருடை கொடியில் கிடந்தது. எடுக்கட்டுமா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

சாயங்காலம் அப்பா சீக்கிரம் வந்துவிட்டார். என் முன்னால் குந்தி உட்கார்ந்தார். பட்டறை எண்ணெய் வாசனை.

"கண்ணு, சோறு கொண்டாந்தப்ப எப்பவாச்சும் உள்ள எட்டிப் பாத்தியா? வெல்டிங் ஓடும்போது?"



"ஒருவாட்டியாச்சும் பாத்திருப்பே சாமி, நல்லா யோசிச்சுச் சொல்லு" என்றாள் அம்மா. அவள் முகம் கெஞ்சியது. ஆமாம் என்று சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்துவிட்டேன். அவர்களுக்காக ஒரு பொய்.

"அவ பாக்கல மச்சான்." மாமா பின்னறை நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். "நானும் பாக்கல."

அப்பாவுக்குப் புரியவில்லை. "என்னடா சொல்றே?"

"பேரு எழுதறவன் நான், வெல்டிங்காரன் பக்கத்துல எனக்கென்ன வேலை? கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில டாக்டரு அன்னிக்கே சொல்லிட்டாரு, இது ரத்தத்துல வர்றதுன்னு. அக்கா வயித்துல இவ அப்ப ஏழு மாசம். இது எங்க வீட்டு ரத்தம்னு தெரிஞ்சா உங்காத்தா எங்கக்காள வெச்சுக் குடும்பம் நடத்த உட்டிருப்பாங்களா? அதான் வெல்டிங்குன்னு சொன்னேன். சொன்னது அப்படியே நின்னுபோச்சு."

அம்மா சுவரோடு சரிந்து உட்கார்ந்துவிட்டாள். அப்பா எழுந்தார். யாரையும் பார்க்காமல் பேசினார்.

"சனிக்கெழம கோயமுத்தூர் போலாம். டியூஷன் வேண்டாம். ஸ்கூலு... டாக்டரு என்ன சொல்றாரோ. அதுவரைக்கும் வீட்லயே இருக்கட்டும்."

"அப்படின்னா எனக்குப் பக்கத்துல இன்னொரு பாயப் போடுங்க மச்சான்" என்றார் மாமா. "நீங்க அன்னிக்கு எனக்குச் சொன்னதும் இதேதான். அதுவரைக்கும்னுதான் சொன்னீங்க."

அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். இன்னும் வரவில்லை. மணி பத்தாகிறது.

இதை எழுத ஆரம்பிக்கும்போது மாமா கூப்பிட்டார். ரேடியோவில் மாட்டியிருந்த ஹெட்போனைக் கழற்றி, சுருட்டி என் உள்ளங்கையில் வைத்தார். "உன் பாட்டுல இது மட்டும் இல்ல புள்ள" என்றார். அந்தக் குரல் படித்ததையெல்லாம் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை.

இப்போது திரையின் வெளிச்சத்தை முழுதாகக் குறைத்திருக்கிறேன். போர்வை தேவையில்லை. தட்டுவதெல்லாம் காதுக்குள் மெல்லக் கேட்கிறது, வேறு யாருக்கும் கேட்காது.

அம்மாவின் போன் இணைப்பில் வழிமுறைப் பக்கத்தைத் திறந்தேன். ஒன்பதைப் பதினொன்றாக்கினேன். முதல் படி: "ஹெட்போனை மாட்டிக்கொள்ளவும்." இரண்டாவது படியில் ஒலியைக் குறைக்கும் விசை, வாசிப்பதை நிறுத்தும் விசை. 'வழக்கம்போல்' என்ற சொல் எங்கேயாவது மிஞ்சியிருக்கிறதா என்று கடைசிவரை தேடினேன். இல்லை.

சேமிக்கப் போனபோது கட்டம் வந்து நின்றது. குரல் காதுக்குள் சொன்னது, "திருத்தத்துக்கான காரணம்."

டேப் விசையை ஒருமுறை அழுத்தி, 'எனக்காக' என்று எழுதினேன். என்டர்.